மலையிலிருந்து இறங்குவோரும் மாநகரின் வெயிலும்

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் அவிசாவளையிலிருந்து ஹட்டன் ஊடாக நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியில் இரண்டு கூட்டத்தினர் எதிரெதிராகப் பயணம் செய்வதைக் காணலாம். ஒரு கூட்டத்தினர் கொழும்பின் புழுக்கத்தைத் தாங்கமாட்டாமல் மலையேறுபவர்கள். கிரகரி வாவிக் கரையும் விக்டோரியா பூங்காவும் குதிரைப் பந்தயத் திடலும் வசந்த காலத்தில் நிரம்பி வழிவது இவர்களால்தான். மற்றைய கூட்டத்தினர் சித்திரைப் புத்தாண்டைத் தோட்டத்தில் பெற்றோருடன் கழித்துவிட்டுத் தொழிலுக்குத் திரும்புபவர்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை ஆகிய பகுதிகளின் லயன்களிலிருந்து புறப்பட்டுப் புறக்கோட்டையின் மொத்த வியாபார நிலையங்களுக்கும், வெள்ளவத்தையின் புடைவைக் கடைகளுக்கும், ஹோட்டல்களின் சமையற்கட்டுகளுக்கும், கட்டட வேலைத்தலங்களுக்கும், வீட்டுப் பணிகளுக்கும் அவர்கள் இறங்குகின்றனர். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக்கொண்டு முதன்முறையாக ஊர் தாண்டும் பிள்ளைகளும் அவர்களிடையே உண்டு.

முதலாவது கூட்டத்தினரைப் பற்றிப் பத்திரிகைகளில் வருடந்தோறும் படங்களுடன் செய்தி வருகின்றது. நாம் இங்கு பேச விரும்புவது இரண்டாவது கூட்டத்தினரைப் பற்றியே. குளிர்ப் பிரதேசத்தில் பிறந்து வளர்ந்த ஓர் உடல், வருடத்தின் மிக வெப்பமான வாரங்களில் திடீரென மாநகரில் இறங்கி மறுநாளே முழு வேலையில் ஈடுபடுவது ஆபத்தானதாகும். அந்த ஆபத்தை மிகக் குறைந்த செலவில் தவிர்க்க முடியும். தொழிலாளரும் அவர்தம் பெற்றோரும் தொழில் வழங்குநரும் இதனை அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பன்னிரண்டு பாகை வித்தியாசம்

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் மேலே செல்லும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகின்றது என்பது புவியியல் பாடத்தில் நாம் கற்ற விடயம். நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. எனவே நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் இடையில் சுமார் 12 பாகை வித்தியாசம் இருக்கின்றது. கினிகத்தேனை, கித்துல்கல, யட்டியாந்தோட்டை எனப் பஸ் வண்டி இறங்க இறங்க, யன்னல் வழியே வரும் காற்று மாறுவதை மலையகப் பயணிகள் அனைவரும் உணர்ந்திருப்பர். கம்பளிச் சட்டையுடன் ஏறியவர் அவிசாவளையில் அதனைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். உடலின் உள்ளே நிகழ வேண்டிய மாற்றம் சட்டையைக் கழற்றுவதுபோல் அத்தனை விரைவில் நிகழ்வதில்லை.

இந்த இறக்கம் ஏப்ரல் மாதத்தில் நிகழும்போது சுமை மேலும் கூடுகின்றது. சூரியன் வடக்கு நோக்கி நகரும் வேளையில், ஏப்ரல் 5 ஆம் திகதியளவில் இலங்கையின் தென் முனையில் தொடங்கி, 14 அல்லது 15 ஆம் திகதியளவில் வட முனை வரையிலான பிரதேசங்களுக்கு நண்பகலில் நேர் உச்சியில் வருகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேல் பருவக்காற்று இன்னும் ஆரம்பிக்காத இடைக்காலம் இது. காற்று வலுவிழந்து விடுகின்றது. பிற்பகலில் இடியுடன் மழை பெய்தாலும் அதன் பின்னர் புழுக்கமே மிஞ்சுகின்றது.

கொழும்பில் வெப்பமானி காட்டும் எண் பெரும்பாலும் 32 அல்லது 33 பாகையைத் தாண்டுவதில்லை. சென்னையிலோ டில்லியிலோ 40 பாகைக்கு மேல் பதிவாகும் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இது சாதாரணமாகவே தோன்றும். ஆனால் வெப்பமானி காற்றின் வெப்பத்தை மாத்திரமே அளக்கின்றது. மனித உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை மூலமாகும். வியர்வை வடிவதால் உடல் குளிர்வதில்லை. அது காற்றில் உலரும்போதே குளிர்ச்சி உண்டாகின்றது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது வடிந்து வீணாகின்றது. வெப்பநிலை 32 பாகையாகவும் காற்றின் ஈரப்பதன் 70 வீதமாகவும் இருக்கும்போது உடல் உணரும் வெப்பம் ஏறத்தாழ 41 பாகையாகும். இதனையே வெப்பச் சுட்டெண் என்கின்றனர். எமது வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப காலத்தில் மாவட்ட ரீதியாக விடுக்கும் எச்சரிக்கை இந்தச் சுட்டெண்ணை அடிப்படையாகக் கொண்டதாகும். வானொலியில் அந்த அறிவித்தல் ஒலிக்கும்போது வெறும் வெப்பநிலைச் செய்தியென எண்ணி நாம் கடந்துவிடலாகாது.

உடல் பழகுவதற்கு இரண்டு வாரங்கள்

மனித உடல் வெப்பத்துக்குப் பழகிக்கொள்ளும் வல்லமை உடையது. வெப்பமான சூழலில் நாளாந்தம் சிறிது நேரம் உழைக்கும் ஒருவரின் உடல் படிப்படியாகச் சில மாற்றங்களை அடைகின்றது. வியர்வை முன்னரைவிட விரைவாகவும் அதிகமாகவும் சுரக்கின்றது. வியர்வையோடு வெளியேறும் உப்பின் அளவு குறைகின்றது. இரத்தத்தின் கன அளவு கூடி, இதயம் குறைந்த துடிப்பில் வேலையைச் செய்து முடிக்கின்றது. இந்த மாற்றங்கள் நிறைவடைய ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவை. வெப்பத்திலிருந்து ஒருவர் விலகியிருந்தால் அந்தப் பழக்கம் சில வாரங்களில் மறைந்துவிடும். ஒரு வாரம் விலகியிருப்பதே அதனைக் குறைக்கத் தொடங்கும். ஆகவே புத்தாண்டு விடுமுறையில் ஊருக்குச் சென்று பத்து நாட்கள் தங்கித் திரும்பும் அனுபவமிக்க தொழிலாளியும் ஓரளவுக்குப் புதியவரே எனக் கருத வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. தென்னாபிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் ஆழத்துக்குச் சென்ற தொழிலாளர்கள் வெப்பத்தால் மடிந்ததைக் கண்ட சுரங்க நிறுவனங்கள், புதியவர்களைப் படிப்படியாகப் பழக்கும் முறையைக் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கைக்கொண்டன. அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிர்வாகம் தரும் தகவலின்படி, வேலைத்தலங்களில் வெப்பத்தினால் ஏற்படும் மரணங்களில் ஏறக்குறைய அரைவாசி, தொழிலாளி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே நிகழ்கின்றன. எழுபது வீதத்துக்கும் அதிகமானவை முதல் வாரத்தினுள் நிகழ்கின்றன. எனவேதான் புதியவருக்கு முதல் நாளில் வழமையான வேலையில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே வெப்பத்தில் கொடுத்து, பின்னர் நாளொன்றுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டிச் செல்ல வேண்டும் என அந்நாட்டில் அறிவுறுத்தப்படுகின்றது.

எமது நடைமுறை இதற்கு நேர்மாறானது. புதிதாக வந்த பையனின் உழைப்பைச் சோதித்துப் பார்ப்பது முதல் நாளில்தான். லொறியிலிருந்து மூடைகளை இறக்குதல், மூன்றாம் மாடிக்குப் பொதிகளை ஏற்றுதல், அடுப்படியில் நிற்றல் என மற்றவர்கள் விரும்பாத வேலைகள் புதியவரின் தலையிலேயே விழுகின்றன. தன்னைச் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் அவரும் தலைசுற்றலை வெளியே சொல்வதில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டால் வீட்டாரின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலையும் சேர்ந்துகொள்கின்றது.

கராச்சியும் அகமதாபாத்தும் கற்பித்தவை

வெப்பத்தால் இறந்தவர்கள் அப்படி இறந்தவர்களாகப் பதியப்படுவது குறைவு. மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, காய்ச்சல் என்றே பெரும்பாலும் எழுதப்படுகின்றது. குஜராத் மாநிலத்தின் அகமதாபாத் நகரில் 2010 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெப்பநிலை 46.8 பாகையை எட்டியது. பின்னர் ஆய்வாளர்கள் அந்த மாதத்தில் நிகழ்ந்த அனைத்து மரணங்களையும் முந்தைய ஆண்டுகளுடன் ஒப்பிட்டபோது, வழமைக்கு மேலதிகமாக 1,344 பேர் மரணமடைந்திருந்தமை தெரியவந்தது. அதன் விளைவாக அந்நகரம் 2013 இல் தெற்காசியாவின் முதலாவது வெப்பச் செயற்றிட்டத்தை வகுத்தது. எச்சரிக்கையை மக்களிடம் கொண்டு செல்லுதல், வைத்தியசாலைகளைத் தயார்படுத்துதல், குடிநீர் வழங்குதல், ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சுப் பூசுதல் போன்றவை அதில் அடங்கும். தமிழ்நாட்டு அரசும் 2024 ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலத்துக்குரிய அனர்த்தமாகப் பிரகடனம் செய்தது.

கொழும்புக்கு மிக நெருக்கமான பாடம் கராச்சியில் உண்டு. அதுவும் ஒரு துறைமுக நகரம். ஈரப்பதன் மிக்க நகரம். 2015 ஆம் ஆண்டு ஜூன் மாதம், றமழான் நோன்பின் ஆரம்ப நாட்களில் அங்கு கடற்காற்று நின்றுபோனது, வெப்பநிலை 45 பாகையை நெருங்கியது, மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. அந்த வெப்ப அலையில் 1,200 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலானோர் ஏழைகளும் முதியவர்களும் வெளியில் உழைத்தவர்களுமாவர். பகல் முழுவதும் சூடேறிய உடலுக்கு இரவில் ஆறுவதற்குக் காற்று இல்லாமற் போனமை அவலத்தைப் பெருக்கியது. எமது நாட்டில் 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலங்களுக்கு நீண்டபோது, நகரின் நெரிசலான குடியிருப்புகளில் உறங்க முயன்றவர்கள் அந்தத் துன்பத்தின் ஒரு சிறு பகுதியைக் கண்டவர்களே.

இரவின் முக்கியத்துவத்தை நாம் இங்கு வலியுறுத்த வேண்டியுள்ளது. கடைகளுக்கு மேலேயுள்ள அறைகளில், சூடேறிய தகரத்தின் அல்லது அஸ்பெஸ்டஸ் தகட்டின் கீழ், பலர் ஒன்றாக உறங்கும் நிலைமை மலையக இளைஞர்களுக்குப் புதியதல்ல. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலரச் செய்கின்றது. காற்றின் வெப்பநிலை உடலின் வெப்பநிலையைவிடக் குறைவாக இருக்கும் வரையில் அது மிகச் சிறப்பாகப் பயன் தரும். கொழும்பின் இரவுகள் அத்தகையவையே. எனவே உறங்கும் அறையில் ஒரு மின்விசிறியும் திறக்கக்கூடிய ஒரு யன்னலும் இருப்பது ஓர் உயிர்ப் பாதுகாப்பு ஏற்பாடாகும்.

தோட்டத்திலும் வெயில் உண்டு

மலையகம் குளிர்ப் பிரதேசம் என்பதால் அங்குள்ளவர்களுக்கு வெயிலின் தொல்லை இல்லை என்று எண்ணுவதும் தவறாகும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வரட்சிக் காலத்தில் மேகமற்ற வானத்தின் கீழ், நிழல் மரங்கள் குறைந்துபோன மலைகளில், கொழுந்துச் சுமையுடன் செங்குத்தான சரிவுகளில் ஏறியிறங்கும் பெண்களின் உடல் படும்பாடு சாதாரணமானதல்ல. வரட்சியில் கொழுந்து குறைவதால் குறித்த நிறையை எட்டுவதற்கு அதிக நேரம் நிற்க வேண்டும். நிறை எட்டாவிட்டால் அரைப் பெயர் விழும் என்ற அச்சம் தண்ணீர் குடிக்கச் செல்வதையும் தடுக்கின்றது. மலையில் மலசலகூட வசதி இல்லாமையால் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர். கொழும்பின் கடைகளில் பணிபுரியும் அவர்களது புதல்வியரும் இதே காரணத்துக்காக இதனையே செய்கின்றனர். வெப்பத்தைத் தாங்குவதற்கு முதலாவது தேவை தண்ணீர் என்றால், பெண்களைப் பொறுத்தவரை தண்ணீருக்கு முன்னதாகத் தேவைப்படுவது மலசலகூடமே என்பதை நிர்வாகங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

தொழிலுக்குப் புறப்படும் பிள்ளைக்குப் பெற்றோர் சொல்லியனுப்ப வேண்டியவை சில உண்டு. தாகம் எடுக்கும் வரை காத்திராமல், வெப்பத்தில் வேலை செய்யும்போது இருபது நிமிடங்களுக்கு ஒரு தடவை ஒரு கோப்பை தண்ணீர் அருந்த வேண்டும். சிறுநீர் கடும் மஞ்சள் நிறமாவது உடலில் நீர் குறைந்துவிட்டதன் அறிகுறியாகும். அதிகம் வியர்க்கும் வேலையென்றால் உணவைத் தவிர்க்கக் கூடாது. உடல் இழந்த உப்பை உணவே மீளத் தருகின்றது. வயிற்றோட்டம், காய்ச்சல் ஆகியவற்றிலிருந்து மீண்டவர்களும், நீரிழிவு அல்லது உயர் இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும் கூடுதல் அவதானத்துடன் இருக்க வேண்டும்.

தலைவலி, தசைப்பிடிப்பு, குமட்டல், மிதமிஞ்சிய வியர்வை, தள்ளாட்டம் ஆகியவை வெப்பக் களைப்பின் அறிகுறிகளாகும். அப்போதே வேலையை நிறுத்தி நிழலில் அமர்ந்து தண்ணீரோ ஜீவனிக் கரைசலோ அருந்தினால் பெரும்பாலும் சுகம் கிடைக்கும். அதனைப் பொருட்படுத்தாது தொடர்ந்தால் உடலின் வெப்பநிலை 40 பாகையைக் கடந்து வெப்ப அதிர்ச்சி ஏற்படலாம். பேச்சுத் தடுமாறுதல், இடம் பொருள் அறியாது பிதற்றுதல், மயங்கி விழுதல் என்பன அதன் அடையாளங்கள். அவ்வேளையில் உடனடியாக 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவைக்கு அழைப்பு விடுக்க வேண்டும். வண்டி வரும் வரை சும்மா காத்திருக்கலாகாது. நிழலுக்கு எடுத்துச் சென்று, மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வைக்கலாம். நினைவு தெளிவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

தொழில் வழங்குநர்கள் செய்ய வேண்டியவை இவற்றைவிட முக்கியமானவை. ஏனெனில் எப்போது ஓய்வெடுப்பது, எப்போது தண்ணீர் குடிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் தொழிலாளி அல்லர். புதிதாக வருபவருக்கும் விடுமுறை முடிந்து திரும்புபவருக்கும் முதல் வாரத்தில் கனமான வேலையைக் குறைத்துக் கொடுத்தல், மூடை ஏற்றியிறக்கும் வேலையைக் காலை பத்து மணிக்கு முன்னரோ மாலையிலோ வைத்துக்கொள்ளுதல், கைக்கெட்டும் தூரத்தில் குடிநீர் வைத்தல், அமர்வதற்கு ஓர் ஆசனம் கொடுத்தல் என்பன பெரும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. கடை ஊழியர்களுக்கு ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்பதைத் தமிழ்நாடு 2021 ஆம் ஆண்டில் சட்டமாகவே ஆக்கியது. 2023 முதல் 2025 வரையான ஆண்டுகளில் றமழான் நோன்பு மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமைந்தது. நோன்புக்கு ஏற்ப வேலை நேரத்தை மாற்றியமைப்பது முஸ்லிம் வர்த்தகர்களுக்குப் புதிய விடயமல்ல. கடும் வெப்பத்தில் ளுஹர் தொழுகையையே வெயில் தணியும் வரை பிற்படுத்த மார்க்கம் இடமளித்திருக்கின்றது. கோயில் திருவிழாக்களில் தாகசாந்தி நிலையம் அமைத்து வழிப்போக்கருக்கு மோரும் சர்பத்தும் வழங்குவது இந்து வர்த்தகர்களின் நெடுநாள் வழக்கம். வீதியில் செல்லும் முகமறியாதவருக்குச் செய்யும் தர்மம் முதலில் தமது கடையின் பின்புறத்தில் மூடை சுமக்கும் பிள்ளைக்குச் சென்றடைய வேண்டும்.

அரசாங்கத்துக்கும் கடமையுண்டு. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வேலைத்தலத்தில் நியாயமான வெப்பநிலை பேணப்பட வேண்டும் எனக் கூறுகின்றது. அது தொழிற்சாலைகளுக்கானது. புறக்கோட்டையின் களஞ்சிய அறையோ வீட்டுச் சமையலறையோ தேயிலை மலையோ தொழிற்சாலை அல்ல. கட்டார் நாடு 2021 முதல் ஜூன் 1 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெளி வேலையைத் தடை செய்துள்ளது. கேரள மாநிலத்தில் கோடை காலத்தில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்குவதற்கு ஆண்டுதோறும் தடை விதிக்கப்படுகின்றது. டோஹாவில் கட்டட வேலை செய்யும் அண்ணனுக்குக் கிடைக்கும் நண்பகல் ஓய்வு, கொழும்பில் அதே வேலை செய்யும் தம்பிக்கும் கிடைக்க வேண்டாமா? வெப்பச் சுட்டெண் ஆபத்தான மட்டத்தை எட்டும் நாட்களில் பாடசாலை மாணவரின் மைதான நிகழ்ச்சிகளை மட்டுப்படுத்துமாறு 2024 ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு அறிவுறுத்தியது. அதே அளவுகோலைத் தொழில் திணைக்களம் வேலைத்தலங்களுக்கும் பயன்படுத்தி, கட்டாய ஓய்வு நேரத்தை விதியாக்க வேண்டும் என்பது எமது கோரிக்கையாகும்.

மலையக மக்களின் மூதாதையர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் வரண்ட சமவெளிகளிலிருந்து மன்னார் ஊடாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் மாண்டவர்கள் போக எஞ்சியோர் பழக்கமில்லாத குளிரில் கோப்பித் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023 ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடைபயணம் மேற்கொண்டமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். வெப்ப பூமியிலிருந்து வந்தவர்களுக்குக் குளிரைத் தாங்கக் கம்பளி தேவை என்பதை அன்றைய வெள்ளைக்காரத் துரைமார்கூட விளங்கிக்கொண்டிருந்தனர். அந்தக் கம்பளியின் விலையைத் தொழிலாளியின் கடனில் எழுதிக்கொண்டார்கள் என்பது வேறு விடயம். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குளிரிலிருந்து வெப்பத்துக்கு இறங்குகின்றனர். அவர்களுக்குத் தேவைப்படுவது முதல் இரண்டு வாரங்களுக்குச் சற்றுக் குறைந்த சுமை, ஒரு குவளை தண்ணீர், இரவில் ஒரு மின்விசிறி என்பனவே. கடனில் எழுதாமல் அவற்றைக் கொடுக்கும் மனமாவது இக்காலத்து முதலாளிமாருக்கு இருத்தல் வேண்டும்.